ஃபேட்டி லிவர் கிரேடு ஒன்றாம். சரி, தழும்பு எவ்வளவு?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்து வருகிறவர்களில் பலருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கிரேடு 1 ஃபேட்டி லிவர்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்துச் சிலர் கல்லீரலே போய்விட்டது என்று பயந்து கஷாயம் தேடுகிறார்கள். இன்னும் பலர், "இது யாருக்குத்தான் இல்லை, எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா போதும்" என்று ஃபைலை மூடி பீரோவில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் பார்ப்பது கொழுப்பின் அளவை. ஆனால் கல்லீரலைப் பொறுத்தவரை ஒருவருடைய அடுத்த இருபது வருடம் எப்படிப் போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தழும்பு. அது எவ்வளவு இருக்கிறது என்பது அந்த ரிப்போர்ட்டில் எழுதியிருக்காது.

இதை முக்கியமாக டைப் 2 சர்க்கரை நோய்க்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காகவும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இவர்களை வருடா வருடம் கண் பார்க்கச் சொல்கிறோம், பாதம் பார்க்கச் சொல்கிறோம், சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கச் சொல்கிறோம். கல்லீரல் மட்டும் அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போகிறது. அமெரிக்க நீரிழிவு சங்கம் 2023 முதலே, டைப் 2 சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு, குறிப்பாக உடல் பருமனோ இதய நோய்க்கான வாய்ப்போ இருப்பவர்களுக்கு, கல்லீரல் ரத்தப் பரிசோதனை நார்மலாகவே இருந்தாலும் தழும்பு இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லி வருகிறது. கணக்கு என்றால் நிஜமாகவே கூட்டல் பெருக்கல் கணக்குதான். அதற்குத் தேவையான எண்கள் பலர் வீட்டு ஃபைலில் ஏற்கெனவே இருக்கின்றன.

கொழுப்பு எப்படித் தழும்பாகிறது

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடலாம். கல்லீரலில் சேரும் கொழுப்பு நாம் சாப்பிட்ட எண்ணெய் அப்படியே போய் ஒட்டிக்கொண்டது கிடையாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வயிற்றுப் பகுதிக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் ஓயாமல் ரத்தத்தில் கசிந்து கல்லீரலுக்கு வருகின்றன. அதோடு, மிஞ்சிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றி வைக்கிறது. அதனால்தான் மது பக்கமே போகாத, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாத, ஆனால் மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறோ இட்லியோ சாப்பிட்டு உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஒருவருக்கும் இது வருகிறது. "நான் குடிக்கிறதே இல்லையே, எனக்கு எப்படி லிவர்ல பிரச்சினை வரும்" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

கொழுப்பு சும்மா இருந்தால் பெரிய தொல்லை இல்லை. சிலருக்கு அந்தக் கொழுப்பு கல்லீரல் செல்களை நோகடிக்கிறது, அங்கே அழற்சி உண்டாகிறது, அதாவது உடம்பின் காவல் செல்கள் வந்து குவிந்து அந்த இடம் புண்ணாகிறது. இங்கேதான் கதையின் முக்கியமான பாத்திரம் வருகிறது. கல்லீரல் செல்களுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நடுவே நட்சத்திர வடிவில் சில செல்கள் உண்டு. சாதாரண நாட்களில் அவற்றின் வேலை வைட்டமின் ஏ-வைச் சேமித்து வைப்பது. பக்கத்தில் காயம் என்று தகவல் வந்ததும் அவை அந்த வைட்டமினைக் கைவிட்டு உருவம் மாறி, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைச் சுரக்கத் தொடங்குகின்றன. காயத்தை ஆற்ற உடம்பு செய்யும் நல்ல வேலைதான் இது. காயம் ஒருமுறை வந்து போனால் அந்த நாரையும் உடம்பே கரைத்துவிடும். காயம் நிற்காமல் வருடக்கணக்கில் தொடர்ந்தால் நார் கரைவதைவிடச் சேர்வது அதிகமாகி, கல்லீரலுக்குள் பட்டை பட்டையாகப் படிந்துவிடுகிறது. இந்தப் படிவுக்குத்தான் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். இனி நான் தழும்பு என்றே சொல்கிறேன்.

கடையில் வெண்டைக்காய் வாங்குகிறவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். பிஞ்சும் முற்றலும் ஒரே கூடையில் ஒரே பச்சையில்தான் கிடக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கையால் அழுத்திப் பார்த்தாலோ நுனியை ஒடித்துப் பார்த்தாலோதான் நார் ஏறிவிட்டதா என்று தெரியும். கல்லீரலும் அப்படித்தான், வெளியிலிருந்து எடுக்கும் சாதாரண ஸ்கேனுக்கு இளந்தழும்பு தெரிவதில்லை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: முற்றின வெண்டைக்காய் மறுபடி பிஞ்சாகாது, கல்லீரல் தழும்பு குறையக்கூடியது. அது மட்டும் முடியாது என்றிருந்தால் இவ்வளவு தூரம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

கிரேடு வேறு, நிலை வேறு

ஸ்கேனில் வரும் கிரேடு 1, 2, 3 எல்லாம் கல்லீரல் எவ்வளவு வெளிறித் தெரிகிறது என்பதை வைத்துக் கொழுப்பை மதிப்பிடுவது. தழும்புக்குத் தனி அளவுகோல் இருக்கிறது, எஃப்0 முதல் எஃப்4 வரை. எஃப்0 என்றால் தழும்பு இல்லை. எஃப்1, எஃப்2 ஆரம்பமும் நடுத்தரமும். எஃப்3 என்றால் தழும்புப் பட்டைகள் ஒன்றோடொன்று பாலம்போல இணையத் தொடங்கிவிட்டன. எஃப்4 என்பது சிரோசிஸ்: பட்டைகள் கல்லீரலை முடிச்சு முடிச்சாகப் பிரித்து, ரத்தம் உள்ளே தாராளமாக ஓட முடியாமல் செய்துவிட்ட நிலை.

கிரேடு 3 கொழுப்பு இருக்கும் ஒருவருக்கு எஃப்0 இருக்கலாம். கிரேடு 1 என்று வந்த இன்னொருவருக்கு எஃப்3 இருக்கலாம். இன்னும் மோசம், தழும்பு மிக முற்றும்போது கொழுப்பு குறைந்துகூடப் போகும். "போன வருஷம் கிரேடு 2, இந்த வருஷம் கிரேடு 1, குணமாகிட்டு வருது" என்று ஒருவர் சந்தோஷப்படும்போது அது உண்மையாகவும் இருக்கலாம், உள்ளே வேறு ஒன்று நடந்துகொண்டும் இருக்கலாம். ஸ்கேனை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்துவிட்டு நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: கொழுப்பின் அளவைவிட, அழற்சியின் அளவைவிட, தழும்பின் நிலைதான் ஆயுளோடு நெருக்கமாக இணைந்திருக்கிறது.

நல்ல செய்தி, இது மெதுவாக நடக்கும் காரியம். சராசரியாகப் பார்த்தால், வெறும் கொழுப்பு மட்டும் இருப்பவர்களுக்குத் தழும்பு ஒரு நிலை ஏறச் சுமார் 14 வருடம், அழற்சியும் சேர்ந்திருப்பவர்களுக்குச் சுமார் 7 வருடம் ஆகிறது. சிலருக்கு இதைவிட வேகமாகவும் போகும், சர்க்கரை நோய் இருப்பது அந்த வேகத்தைக் கூட்டும். எப்படியானாலும் பிடிப்பதற்கு அவகாசம் இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இன்சுலின் கோளாறால் கொழுப்பு சேர்கிறது, சிலருக்கு அது புண்ணாகிறது, புண் ஆறாமல் தொடர்ந்தால் தழும்பு விழுகிறது. கிரேடு என்பது கொழுப்பைச் சொல்லும், எஃப் என்பது தழும்பைச் சொல்லும்.

ஏன் வெளியே தெரிவதில்லை

கல்லீரலின் உள்சதைக்கு வலி உணர்வு கிடையாது, வலிப்பது அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான். எஃப்3 வரை ஒருவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலைக்குப் போய் வரலாம். பசி, செரிமானம், தூக்கம் எல்லாம் வழக்கம்போல இருக்கும். "கண்ணு மஞ்சளா இல்லையே" என்று நம்பிக்கொண்டிருப்பது வீண், இந்த வகை நோயில் மஞ்சள் காமாலை வருவது கல்லீரல் தாக்குப்பிடிக்க முடியாத கடைசிக் கட்டத்தில்தான்.

எல்.எஃப்.டி. என்னும் கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் இதில் ஏமாற்றும். அதிலுள்ள எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் செல்களுக்குள் இருக்கும் நொதிகள், அதாவது வேதிவேலைகளை நடத்தும் புரதங்கள். செல் நொந்தால் அவை ரத்தத்தில் கசியும். ஆகவே அந்த எண்கள் சொல்வது இப்போது எவ்வளவு காயம்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை, இத்தனை வருடத்தில் எவ்வளவு தழும்பு சேர்ந்திருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. எஸ்ஜிபிடி முற்றிலும் நார்மலாக இருந்தும் முற்றிய தழும்போடு, அதாவது எஃப்3 அல்லது எஃப்4 நிலையில், இருப்பவர்கள் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த இடம்தான். "லிவர் டெஸ்ட் நார்மல்" என்ற ஒரே வரியை நம்பிப் பல வருடம் கடந்து, காலும் வயிறும் வீங்கியோ ரத்த வாந்தி எடுத்தோ ஆஸ்பத்திரிக்கு வந்து அப்போதுதான் சிரோசிஸ் என்று தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அத்தனை வருடமும் சுகர் செக்கப்புக்குத் தவறாமல் போய் வந்தவர்களாகவும் அவர்கள் இருப்பார்கள்.

ஃபிப்-4: நான்கு எண்கள் போதும்

2006இல், எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்திருந்த நோயாளிகளுக்காக ஒரு சூத்திரம் வெளியிடப்பட்டது. பிறகு அது ஃபேட்டி லிவருக்கும் நன்றாகப் பொருந்துவது தெரியவந்து இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. வேண்டியவை நான்கு: வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை. வயதையும் எஸ்ஜிஓடி-யையும் பெருக்கி மேலே வைக்க வேண்டும். பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடி-யின் வர்க்கமூலத்தையும் பெருக்கிக் கீழே வைக்க வேண்டும். மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் வருவதுதான் ஃபிப்-4.

பிளேட்லெட்டில் மட்டும் கவனம் தேவை. நம் லேப்களில் 1.8 லட்சம் என்பதுபோல் எழுதுவார்கள், சூத்திரத்துக்கு அதை 180 என்று போட வேண்டும்.

இப்போது 55 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1.8 லட்சம். மேலே 55 பெருக்கல் 48, அதாவது 2640. 36இன் வர்க்கமூலம் 6, ஆகக் கீழே 180 பெருக்கல் 6, அதாவது 1080. வகுத்தால் ஏறத்தாழ 2.44. அதே வயதில் அதே எஸ்ஜிபிடி-யுடன் எஸ்ஜிஓடி 30, பிளேட்லெட் 2.75 லட்சம் உள்ளவருக்கு மேலே 1650, கீழேயும் 1650, விடை 1. இரண்டு பேருடைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாமவருக்கு எஸ்ஜிஓடி கொஞ்சம்தான் கூடுதல், பிளேட்லெட் நார்மல் எல்லைக்குள்தான் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேல் என்றால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் வந்தால் அடுத்த பரிசோதனை தேவை. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2 என்று வைத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் வயதே சூத்திரத்தில் இருப்பதால் எண் தானாகவே ஏறிவிடும். 35க்குக் கீழே இதை அவ்வளவாக நம்ப முடியாது.

பிளேட்லெட்டுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். தழும்பு முற்றினால் குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தம் உள்ளே போக வழியின்றித் தேங்கி, மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனும் கல்லீரலில்தான் உருவாகிறது, அதுவும் குறையும். ஆகவே காரணம் தெரியாமல் வருடா வருடம் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே வந்தால் கல்லீரலையும் சந்தேகப்பட வேண்டும்.

இந்தக் கணக்கைத் தவறான நேரத்தில் போட்டால் தவறான விடைதான் வரும். டெங்கு வந்தவருக்குப் பிளேட்லெட் சரியும், எஸ்ஜிஓடி ஏறும், அப்போது ஃபிப்-4 பார்த்தால் நல்ல கல்லீரல்கூட சிரோசிஸ் மாதிரி தெரியும். காய்ச்சலோ வேறு திடீர் நோயோ இல்லாத நாளில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டை, நான்கு எண்ணும் ஒரே சமயத்தில் எடுத்ததாகப் பார்த்துப் பயன்படுத்துங்கள். அப்புறம் இதன் பலம் தழும்பு இல்லை என்று சொல்வதில்தான் இருக்கிறது. கூடுதலாக வந்த எல்லோருக்கும் தழும்பு இருக்காது. சர்க்கரை உள்ளவர்களில் சிலரை இது தவறவிடவும் செய்யும், அதனால் குறைவாக வந்தாலும் ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

ஃபைப்ரோஸ்கேன்: அழுத்திப் பார்க்கும் முறை

ஃபிப்-4 நடுவிலோ மேலேயோ வந்தவர்களுக்கு அடுத்த படி இது. பிரான்சில் உருவான கருவி, 2003 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. வெண்டைக்காயை அழுத்திப் பார்த்தோமே, அதையே விலா எலும்புக்கு அப்பாலிருந்து செய்கிறது. மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டால், விலா இடுக்கில் ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டுவார்கள். அந்தத் தட்டலில் பிறக்கும் அதிர்வு அலை கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அல்ட்ராசவுண்ட் அளக்கும். மிருதுவான திசுவில் அலை மெதுவாகவும், நார் ஏறி விறைத்த திசுவில் வேகமாகவும் போகும். அந்த வேகத்தை விறைப்பாக மாற்றி கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு அநேகமாக இல்லை. 12க்கு மேல் என்றால் இருக்க வாய்ப்பு அதிகம். 8க்கும் 12க்கும் நடுவே இருப்பவர்களை மருத்துவர் தனியாகத்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும். அதே ரிப்போர்ட்டில் கேப் என்று முன்னூறு, இருநூற்றைம்பது மாதிரி இன்னொரு எண்ணும் இருக்கும், அது கொழுப்பின் அளவு. பலர் இந்தப் பெரிய எண்ணைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கிலோபாஸ்கல்.

குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும், இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், விறைப்பும் கூடும், எஃப்1 இருப்பவர் எஃப்3 மாதிரி தெரிவார். கல்லீரலில் திடீர் அழற்சி, பித்தக்குழாய் அடைப்பு, இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்குவது, அண்மையில் அதிகமாகக் குடித்தது எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். இந்தக் கருவி அளப்பது விறைப்பை, தழும்பு அந்த விறைப்புக்கு ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. பத்து முறை அளந்து நடு மதிப்பைத்தான் தருவார்கள். அந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று ரொம்பச் சிதறியிருந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பாமல் திரும்ப எடுப்பது நல்லது. உடல் பருமன் அதிகமுள்ளவர்களுக்குத் தனியாகப் பெரிய கருவிமுனை இருக்கிறது. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இந்தப் பரிசோதனை சரியாக வராது.

ஆக வரிசை இதுதான்: முதலில் ஃபிப்-4, அது 1.3க்குக் கீழே என்றால் அதோடு நிறுத்தி அடுத்த வருடம் பார்க்கலாம், மேலே என்றால் ஃபைப்ரோஸ்கேன், அதிலும் சந்தேகம் வந்தாலோ ஃபிப்-4 2.67ஐத் தாண்டியிருந்தாலோ கல்லீரல் மருத்துவர்.

பயாப்ஸி எல்லோருக்கும் வேண்டுமா

வேண்டாம். ஊசியால் ஒரு துணுக்குத் திசு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பயாப்ஸி, தழும்பை நேரில் காட்டுவது அதுதான். ஆனால் எடுக்கும் துணுக்கு மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, தழும்பு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, கொஞ்சம் வலியும் அரிதாக ரத்தக் கசிவும் உண்டு. மற்றப் பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது, அல்லது வேறு கல்லீரல் நோயோ என்ற சந்தேகம் இருக்கும்போது கேட்பார்கள். அப்படிக் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை.

சர்க்கரை இல்லாத மற்றவர்கள்

ஹெபடைடிஸ் பி, சி உள்ளவர்கள், நீண்டகாலமாகக் குடிப்பவர்கள், சோரியாசிஸ் அல்லது முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் தழும்பு பற்றிய இந்தக் கவலை உண்டு. அதே கருவிகள்தான், எல்லை எண்கள் நோய்க்கு நோய் மாறும். ஆகவே ஹெபடைடிஸ் பி உள்ளவர் மேலே சொன்ன எண்களைத் தன் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களும் ஒருமுறையாவது ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சர்க்கரையோடு அந்தத் தொற்றும் சேர்ந்திருந்தால் தழும்பு வேகமாக ஏறும், பி, சி இரண்டுக்கும் இன்று நல்ல மருந்து இருக்கிறது.

தழும்பு இருக்கிறது என்று தெரிந்தால்

எடை கூடுதலாக உள்ளவர்கள் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் அழற்சி அடங்குகிறது, 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் கணிசமானவர்களுக்குத் தழும்பே குறைந்திருக்கிறது. 80 கிலோ இருப்பவருக்கு அது 8 கிலோ. எளிதான காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இன்றுவரை எல்லோருக்கும் கைவசம் இருக்கும் மருந்து அதுதான். எஃப்2, எஃப்3 உள்ளவர்களுக்காக ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில் ஒப்புதல் தந்தது, 2025இல் சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் போடும் செமாக்ளூடைடு ஊசிக்கும் தந்தது. சர்க்கரை மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கல்லீரலையும் மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்க முடியும், அதற்கு மருத்துவருக்குத் தழும்பின் நிலை தெரிந்திருக்க வேண்டும். ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை "லிவருக்கு ஆகாது" என்று பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். தழும்பு உள்ளவர்களுக்கும் பொதுவாக அது பாதுகாப்பானதுதான், முற்றிப்போய்க் கல்லீரல் செயலிழந்த நிலையில் மட்டும் மருத்துவர் யோசிப்பார். ஃபேட்டி லிவர் உள்ளவர்களை அதிகம் பாதிப்பது மாரடைப்பு போன்ற இதய நோய்கள்தான் என்பதால் அதை நிறுத்துவது நல்லதில்லை.

எஃப்4 என்று வந்துவிட்டால் கண்காணிப்பு வேறு மாதிரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், கல்லீரல் புற்றுநோய் வந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடிப்பதற்காக. உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று எண்டோஸ்கோப்பி பார்ப்பதா வேண்டாமா என்பதையும் ஃபைப்ரோஸ்கேன் எண்ணையும் பிளேட்லெட்டையும் வைத்தே முடிவு செய்கிறார்கள்; 20 கிலோபாஸ்கலுக்குக் கீழும் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருந்தால் பெரும்பாலும் அதைத் தள்ளிவைக்க முடியும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும். மது கொஞ்சமும் கூடாது. எந்த டாக்டரிடம், பல் டாக்டராகவே இருந்தாலும், போகும்போது முதலில் இதைச் சொல்ல வேண்டும்.